கதவைத் தட்டியதோடு நின்ற தொடர்

இன்றைக்கு டீவி பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் இதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகிறேன்.

மதியச் சாப்பாடு கீழ்த்தட்டில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். குழாய் ரிப்பேர்காரர் வருவார். மாடிச் சாவி என் பழைய கைப்பையில் இருக்கிறது.

யாரோ கதவைத் தட்டும் இடத்தோடு அந்தத் தொடரை நிறுத்திவிட்டார்கள் என்று நேற்று செய்தி வந்ததும், "இதுக்குத்தான் முடிஞ்ச கதையைத் தவிர எதையும் தொடமாட்டேன்னு சொன்னேன்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டீர்கள். "தட்டினது யாருன்னு தெரியலைன்னா இப்போ குடியா முழுகிடும்?" என்று நானும் கேட்டிருக்க வேண்டாம்.

படுத்த பிறகு யோசித்தேன். முதல் கல்யாண வாழ்க்கை பாதியில் நின்றுபோய், கையில் குழந்தையோடு இருந்தவள் நான். நம் கல்யாணப் பேச்சு வந்தபோது, இதாவது கடைசிவரை போகுமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "போற வரைக்கும் போகட்டும், வாங்க" என்றீர்கள். ஒரு தொடரை ஆரம்பிக்க ஊரெல்லாம் விசாரிக்கிற மனுஷன், என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

மறந்துவிட்டேன்: மகள் சாயங்காலம் விடுதியிலிருந்து வருகிறாள். "அப்பாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு" என்றாள். என்னைக் கூப்பிடவில்லை.

இந்தத் தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. புதுத் தொடர் ஒன்று வந்திருக்கிறதாம். முதல் பாகம்தான். அடுத்தது வருமா என்று யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் நேராக வந்துவிடுவேன். நான் வருவதற்குள் ஆரம்பித்துவிடாதீர்கள்.