ரெண்டு ஆள் மீட்டர்

பெட்டியைத் திறந்ததும் ஒரு புளிச்ச வாடை. நீங்க போனதுக்கு அப்புறம் நான் தொடாம வச்சிருந்த, வெளிச்சம் அளக்குற மீட்டருக்குள்ள பேட்டரி கசிஞ்சு, பச்சையாப் பூத்துக் கிடந்தது. துடைச்சுப் பாத்தேன், புதுசு போட்டுப் பாத்தேன். உசுரு வரல. "வேலை இல்லாத நாள்ல பேட்டரியக் கழட்டி வையி"ன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கீக. உங்க கையால போட்ட பேட்டரின்னு கழட்ட மனசு வரல.

மீட்டர் இப்ப எதுக்குன்னு கேப்பீக. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வேண்டாந்தான், எடுத்த உடனே கேமராவுலயே தெரிஞ்சுபோகுது. ஆனா அச்சாபீஸ் அண்ணாச்சிக்கு அறுபதாங் கல்யாணம். வெடிப்பெட்டி லேபிளுக்கெல்லாம் நீங்க எடுத்துக் குடுத்த அந்தப் பழைய கேமராவுல, ஃபிலிம்லதான் எடுக்கணும்னு வந்து நின்னாரு. ஒரு ரோல், பன்னெண்டு படம். வெளிச்சத்தைத் தப்பா அளந்தா, கழுவின பெறகுதான் தெரியும். நம்ம மக, சாத்தூருக்கு வந்து எங்கூட இருங்கம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இந்தப் படம் கெட்டுப்போச்சுன்னா நம்ம போட்டோக் கடையப் பூட்டிட்டுப் போயிர்றதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

மதுரையில கேமராக் கடைக்காரர் மூணு மீட்டர் எடுத்து வச்சாரு. ஒண்ணு முள்ளு ஆடுற பழசு, பேட்டரியே வேண்டாம். ஆனா ஃபிளாஷை அளக்காது. அடுத்தது நம்மளது மாதிரி. ஒருத்தர் முகத்துக்கிட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்க, இன்னொருத்தர் ஃபிளாஷை அடிக்கணும். மூணாவதுல நாம பட்டனை அமுக்கினா ஃபிளாஷ் தானா அடிக்கும்.

"ஒத்தை ஆளுன்னா இதுதாம்மா வசதி. நீங்க எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு"ன்னுட்டேன்.

அவரும் ரெண்டாவதைக் கட்டிக் குடுத்துட்டாரு. பஸ் திருமங்கலம் தாண்டுற வரைக்கும் அதை மடியில வச்சுக்கிட்டு வந்தேன், என்ன சொல்லிட்டு வந்திருக்கோம்னு உறைக்கல. உறைச்சதும் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகல.

படம் எடுக்கிற அன்னைக்கு அண்ணாச்சி ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. நான் மீட்டரைப் பிடிச்சா ஃபிளாஷுக்கு ஆளில்ல. பெறகு அவுக வீட்டம்மா கையில குடுத்து, "அண்ணாச்சி நாடிக்குக் கீழ பிடிங்கக்கா"ன்னேன்.

"என்ன இது, இவருக்குக் காய்ச்சலா பாக்கச் சொல்றே?"

"உன்னையக் கட்டின நாள்ல இருந்து கொதிப்புத்தான், பாரு"ன்னாரு அண்ணாச்சி.

அக்கா சிரிச்சுக்கிட்டே, மீட்டரோட வெள்ளைக் குமிழை லைட்டுப் பக்கம் திருப்பிப் பிடிச்சாக. வெடி லேபிளுக்கு எடுத்த மொத சீசன்ல நானும் அப்படித்தானே பிடிச்சேன். ஒரு ரோல் முழுக்க, மத்தாப்பு பிடிச்சு நின்ன பிள்ளை முகம் இருட்டா வந்துச்சு. நீங்க வையல. "வெளிச்சத்தைப் பாத்துப் பிடிக்காத. என்னையப் பாத்துப் பிடி"ன்னீக. அம்புட்டுத்தான்.

"கேமராவைப் பாத்துப் பிடிங்கக்கா"ன்னேன். என்னையன்னு சொல்ல வாய் வரல. ஃபிளாஷை அடிச்சேன். மீட்டர்ல வந்த நம்பரை "எட்டு"ன்னு வாசிச்சாக.

பன்னெண்டும் நல்லா வந்திருக்கு. மகளுக்குப் போன் போட்டு, இப்ப வரலன்னுட்டேன். சாயங்காலமெல்லாம் கடையில ஒத்தையாத்தான் உக்காந்திருக்கேன். ஃபிலிம்ல படம் வேணும்னு இன்னும் ரெண்டு மூணு பேரு வந்தாக. கூட வந்த ஆள்கிட்ட, "செத்த நேரம் பிடிங்க"ன்னு கேக்கப் பழகிட்டேன். தங்கச்சி, மாமியா, சேக்காளின்னு ஒவ்வொருத்தர் கையும் ஒவ்வொரு விதமா ஆடுது. நீங்க இருந்த வரைக்கும் நான் யார்கிட்டயும் கை கேட்டதில்ல.