விருந்தினர் மறுத்துவிட்டார்

ஜூலை 9

இன்று முழுக்கத் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஹோட்டல் நிர்வாகம் படித்தவளுக்குக் கோடைக்காலப் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. பல்கேரியர்களான எங்களுக்குப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. இந்த வார்னா ஹோட்டலில் வந்து தங்கும் ஜெர்மன்காரர்களுக்கு நேர் எதிர். போன வருடம் அறை இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு ஒருத்தி 'இருக்கிறது' என்று நம் வழக்கப்படி ஆட்ட, அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதனால் மேனேஜர் ருமென் எங்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி ஜெர்மன்காரர்கள் மாதிரி ஆட்டப் பழக்குகிறார்.

"பல்கேரியத் தலையை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாம்மா," என்றார். கழுத்து வலிக்கிறது.

ஆகஸ்ட் 3

பழகிவிட்டது, பாழாய்ப்போனது. கடைக்காரி பை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்று மேலும் கீழும் ஆட்டிவிட்டேன். தக்காளியைக் கையில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

215ஆம் அறைப் பெரியவர் லூபென் இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாட்டின் மறுகோடியில் இருக்கும் விதின் ஊர்க்காரர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வியாராவின் வீடு இதே வார்னாவில்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் ரகளை தாங்காது என்று ஆகஸ்ட் முழுக்க இங்கே வந்துவிடுவார். தினமும் சந்தையிலிருந்து எனக்கு ஒரு பீச் பழம். "சாப்பிடுறியா, இல்ல சிரிச்சுச் சிரிச்சே வயித்தை ரொப்பிக்கிறியா?" என்பார்.

ஆகஸ்ட் 16

லூபென் இறந்துவிட்டார்.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் முடியாது. காலை பத்தரை. ஒரு பேருந்து நிறைய ஜெர்மன்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அவர் வரிசையை விலக்கிக்கொண்டு வந்து மேசையைப் பிடித்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் நின்றார், பிறகு லிஃப்டுக்குப் போனார். பன்னிரண்டரைக்கு அறையைச் சுத்தம் செய்யப் போனவள்தான் பார்த்தாள்.

ருமென் பதிவேட்டில் எழுதினார்: 'மருத்துவரை அழைக்கலாமா என்று கேட்கப்பட்டது. விருந்தினர் மறுத்துவிட்டார்.' கீழே கையெழுத்துப் போட்டேன். நீ கேட்டாயே, அதுவே பெரிது என்றார்.

ஆகஸ்ட் 18

பெட்டியை எடுத்துப்போக வியாரா வந்திருந்தார். பதிவேட்டை இரண்டு முறை படித்தார்.

"எங்கப்பாவா டாக்டர் வேணாம்னாரு? தும்மினாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுற மனுஷன்."

மறுத்தார், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 25

லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

செப்டம்பர் 4

விடுமுறை நாள், வீட்டில் இருந்தேன். இன்னும் சூப் ஊற்றட்டுமா என்று அம்மா கேட்டாள். அப்பாவின் வாய் நிறைய ரொட்டி. பக்கவாட்டில் தலையாட்டினார். அம்மா ஊற்றினாள்.

அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

பக்கவாட்டில். லூபெனும் பக்கவாட்டில்தான் ஆட்டினார். இரண்டு தரம், என் மேலிருந்து கண்ணை எடுக்காம. ஐயோ, அவர் விதின்காரர்டி! ஜெர்மன்காரரா? சரின்னு சொல்லியிருக்கார். கூப்பிடுன்னு சொல்லியிருக்கார். அப்புறம் மேசைகிட்டயே நின்னாரே — எதுக்கு நின்னார்? நான் போனை எடுப்பேன்னுதானே? நான் அடுத்த ஆளோட பாஸ்போர்ட்டைக் கையில வாங்கினேன்.

செப்டம்பர் 9

ருமெனிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். யாரிடமும் சொன்னாயா என்பதுதான் முதல் கேள்வி. டாக்டர் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று யாரால் சொல்ல முடியும் என்றார். அது உண்மைதான். அதுதான் என்னைத் தின்கிறது.

"கையெழுத்து உன்னோடது. பயிற்சிச் சான்றுல போட வேண்டிய கையெழுத்து என்னோடது. யோசிச்சுக்கோ," என்றார்.

சான்று இல்லாவிட்டால் பட்டம் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். நானும்தான்.

செப்டம்பர் 15

இந்த ஊரில் எத்தனை தலைகள்! பேருந்தில், மருந்துக்கடையில், வங்கி வரிசையில் — எல்லாம் பக்கவாட்டில் ஆடுகின்றன. நரைத்த தலையாக இருந்தால் இறங்கி நடந்துவிடுகிறேன். பயிற்சி அறிக்கை எழுதி முடிந்ததா என்று பல்கலைக்கழகத்தில் பேராசிரியை கேட்டார். கழுத்து மரக்கட்டையாக நின்றது. வாயைத் திறந்து "இல்லை" என்றேன்.

செப்டம்பர் 24

லூபெனின் நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கு. கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வியாரா, சர்க்கரை போட்டு அவித்த கோதுமையை வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போகும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். முதலில் புரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

"அப்ப அவர் வேணாம்னு சொல்லலையா?"

"இல்லைங்க. வேணும்னுதான் சொன்னார். நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது நாளா தினமும் போட்டோ முன்னாடி நின்னு அவரைத் திட்டுறேன். எங்களை விட்டுப் போறதுக்கு அவ்வளவு அவசரமா, பிடிவாதம் பிடிச்ச கிழவான்னு..."

நெடுநேரம் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன், தொடத் துணிவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோதுமையை நீட்டினார்.

"உன்னை மன்னிக்கலை. மன்னிப்பேனான்னும் தெரியலை. இதைச் சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். ஒரு கோதுமை மணிகூட மிச்சம் வைக்கவில்லை.

அக்டோபர் 2

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். ருமென் சான்றில் கையெழுத்திடவில்லை. அடுத்த கோடையில் வேறு இடத்தில் பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பேராசிரியை சொன்னார். ஒரு வருடம் போயிற்று.

பிப்ரவரி 16

ஆறு மாதம் ஆகிவிட்டது. பல்கலைக்கழகம் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில், மற்ற இரங்கல் தாள்களுக்கு நடுவே லூபெனின் ஆறாம் மாத நினைவுத் தாளையும் வீட்டார் ஒட்டியிருக்கிறார்கள். ரயில்வே தொப்பி போட்ட படம். அன்புத் தந்தை, அன்புத் தாத்தா என்று எல்லோருக்கும் போடுகிற வரிகள். அதற்குக் கீழே யாரும் போடாத ஒரு வரி: 'அவர் மருத்துவரைக் கேட்டார்.'

என் பெயரைத் தேடினேன். மூன்று முறை மேலிருந்து கீழ்வரை படித்தேன். இல்லை.

தாளின் ஒரு ஓரம் காற்றில் பிரிந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, ஒட்டிக்கொள்ளும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.