வல்லாரை மாத்திரை

கண்ணு,

திருப்பத்தூரிலிருந்து நீ அனுப்பிய ஞாபகசக்தி மாத்திரை மூன்றாவது டப்பாவும் தீர்ந்துவிட்டது. இனி அனுப்பாதே. ஒருவேளைகூடத் தவறாமல்தான் கொடுத்தேன்.

டப்பாமேல் இருந்த இலைப் படத்தைப் பார்த்து உன் அம்மா, "வல்லாரை! நம்ம ஓடையாண்ட மொளைக்குமே" என்றாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம்.

நேற்று கொல்லையில் சாமை அறுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். இத்தனை வருஷமாக என்னை "இன்னாய்யா" என்றே கூப்பிட்டவள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "வாங்க, உக்காருங்க. எங்க வூட்டுக்காரரு கொல்லைக்குப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு."

உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை அவளோடு சேர்ந்து நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைக்கு பஸ் குறைவு. உன்னை வரச் சொல்லவில்லை. வந்தால், யாரென்று அவள் கேட்பதற்குள் நீயே சொல்லிவிடு.

உன் அப்பா