நிறுத்துகிற ஆள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அப்பாவின் முட்டிவலி மழை வந்தால் வருகிறது, வெயில் அடித்தால் போகிறது, என்னிடம் திட்டு வாங்கினால் இரண்டு மடங்காகிறது. அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டான், சமையலறை சின்னதாக இருக்கிறதென்று அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம், ஆனால் மற்ற விஷயத்தைப் போனில் பேசினால் அப்பா காதில் விழுந்துவிடும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது உன் ஆபீஸில் ஆஸ்பத்திரி நாற்காலி செய்யும் விதத்தைச் சொன்னாயே. அதில் உட்காரப் போகிற நோயாளியோடு முதலில் போய் இருந்து பார்ப்போம், அவருக்கு நிஜமாகவே எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள்வோம், பிறகு அட்டையில் ஒன்று செய்து உட்காரவைப்போம், உடைந்தால் இன்னொன்று செய்வோம், இதற்கு டிசைன் திங்க்கிங் என்று பேர், பள்ளிக்கூடத்துக்கும் இது ஆகும் என்றாய். நான் ஏதோ தையல் கிளாஸ்னு நினைச்சேன் என்று அப்பா கூடக் கிண்டல் செய்தார். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள், அதனால் நீ சொன்னதை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஒருநாள் என் பாடத்தை சயன்ஸ் டீச்சரை எடுக்கச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டு போர்டில் பாதி எழுத்து தெரியவில்லை, தெரிந்ததை எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார், இத்தனை வருஷம் கணக்கு நடத்திய எனக்கே கை ஓடியதே தவிர தலை ஓடவில்லை. எது கஷ்டம் என்று பிள்ளைகளைக் கேட்டால், எல்லாம் புரியுது டீச்சர் என்று கோரஸ் பாடினார்கள். சரி, வாயால் சொல்ல வேண்டாம், கணக்கு வகுப்பு உங்களுக்கு எப்படி இருக்கிறதோ அப்படிப் படம் போடுங்கள் என்றேன். சலவைக்கடைக்காரர் மகள் ஒருத்தி இருக்கிறாள், வாயே திறக்க மாட்டாள், ஊமைக்கோட்டான் என்று மற்றதுகள் கேலி செய்யும். அவள் ஒரு பஸ் வரைந்திருந்தாள், ஓட்டுகிறது நான், உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவருகிறாள். எனக்குச் சுருக்கென்றது பாப்பா. இவர்கள் படிக்கவில்லை என்றுதான் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம், நிறுத்தச் சொல்ல இவர்களுக்கு ஒரு வழியும் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

புரியாவிட்டால் தூக்குங்கள் என்று ஆளுக்கொரு சிவப்பு அட்டை கொடுத்தேன். ஒருத்தரும் தூக்கவில்லை, தூக்கினால் பக்கத்தில் இருப்பது சிரிக்குமே. நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்றதும் ஒருத்தி எழுந்து, கேக்கறதையே ஒரு வேலையா குடுத்துடுங்க டீச்சர், அப்ப யாரும் சிரிக்க மாட்டாங்க என்றாள். அப்படியே மும்மூன்று பேராக உட்காரவைத்து, தினம் மாற்றி மாற்றி ஒருவரை நிறுத்துகிற ஆள் ஆக்கினோம், என்னைப் பாதியில் நிறுத்திக் கேட்பது அவர் கடமை. முதலில் சும்மா சும்மா நிறுத்திக் கூத்தடித்தார்கள், போகப்போக நிஜமான சந்தேகங்கள் வந்தன, சின்ன வகுப்பில் விட்டதெல்லாம் இப்போது வந்தது. வகுப்பில் ஒரே இரைச்சல், பாடம் பின்தங்கியது, நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே என்று பெற்றோர்கள் புகார் சொன்னார்கள்.

ஒருநாள் தாளாளர் அந்த இரைச்சலுக்கு நடுவில் வந்து நின்று, இது வகுப்பா சந்தையா என்றார். பொதுத்தேர்வில் பள்ளிக்குக் கெட்ட பேர் வரக்கூடாதாம், அரையாண்டில் கணக்கில் விழுகிறவர்களை நீக்கிவிடப் போகிறாராம், அவர்கள் வெளியிலிருந்து எழுதிக்கொள்ளட்டுமாம். அப்படி வெளியே போனவர்கள் திரும்பப் புத்தகத்தைத் தொட்டதில்லை என்று அவருக்கும் தெரியும். நீக்கும் தாளில் வகுப்பாசிரியை நான் கையெழுத்துப் போட வேண்டும். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், அசையவில்லை.

பரீட்சை முடிந்தது. சுத்தமாக ஒன்றும் தெரியாமல் இருந்தவர்கள் நிறைய பேர் கரையேறிவிட்டார்கள், சிலர் ஏறவில்லை, பஸ் வரைந்த சலவைக்கடைக்காரர் மகளும்தான், ஒரு கணக்கு சரியாக வந்திருந்தால் தப்பியிருப்பாள். உன் ஆபீஸில் அட்டை நாற்காலி உடைந்தால் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று செய்வீர்கள், என் கையில் உடைந்தால் அது பிள்ளை அல்லவா பாப்பா. பழையபடி முக்கியக் கேள்விகளை மனப்பாடம் செய்யவைத்திருந்தால் இவர்களும் தேறியிருப்பார்களோ, நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நேற்று தாளாளர் அந்த நீக்கும் தாளோடு வகுப்புக்கே வந்து பேர்களைப் பிள்ளைகள் முன்னால் வாசித்தார். தன் பேர் வந்ததும் சலவைக்கடைக்காரர் மகள் எழுந்து, சார், கொஞ்சம் நில்லுங்க, அந்தக் கடைசிக் கணக்குல எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, போட்டுக் காட்டட்டுமா என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் போர்டுக்குப் போய்விட்டாள். நடுவில் ஒரு மைனஸை விட்டாள், பின்னாலிருந்து ஒருவன் நிறுத்து என்றான், திருத்திக்கொண்டாள், விடை வந்தது. அவர் கடைசிவரை பார்த்துவிட்டு, கணக்கு சரிதாம்மா, ஆனா பரீட்சை முடிஞ்சுபோச்சே என்றார். மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க டீச்சர் என்று தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் சாக்பீஸைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் போடப் போவதில்லை. போடாவிட்டால் எனக்கும் அங்கே இடமில்லை என்று தெரியும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை வரச் சொல்லியிருக்கிறேன், எல்லோருமாகப் போய் இன்னொரு பரீட்சை கேட்கலாம் என்று. சலவைக்கடைக்காரர் மட்டும் வருகிறேன் என்றிருக்கிறார், மற்றவர்கள் பயப்படுகிறார்கள். இது கிடைத்ததும் போன் செய். நான் செய்தது தப்பென்றால் எந்த இடத்தில் தப்பு என்று சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு இப்போது ஒன்றுமே ஓடவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும். கண்ணைக் காட்டிக் கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, போனாயா? தள்ளிப்போடாதே. என்ன இவ்ளோ நேரமா எழுதற என்று அப்பா கேட்கிறார். பாப்பாவுக்குத்தான், எப்போதும்போல என்றேன். அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நீ அவரிடம் பேசும்போது என் பக்கம் நின்று பேசு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா