நான் தேர்ந்து கொடுத்த பட்டை நிப்பு

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று முற்பகல், தாமிரபரணி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்க, கோவில் யானை வழக்கம்போல் காதாட்டிக்கொண்டிருக்க, அடியேன் ஒரு பவுண்டன் பேனாவுக்கு அதிபதி ஆனேன். தண்டோரா போட ஆள் அகப்படாததால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கடைக்கார அண்ணாச்சி நிப்புகள் செருகிய அட்டையை என் முன்னே தள்ளினார். "மெல்லிசா, நடுத்தரமா, பட்டையா? எது வேணும் தம்பி?" திறந்திருந்த மைக்கூட்டின் வாடை மூக்கில் ஏறியது. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். அது எத்தனை அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

இதே கேள்வி இரண்டு வருஷத்துக்கு முன் உனக்கு வந்தது. கொழும்பிலிருந்து பேனா அனுப்பப்போவதாகவும், எந்த நிப்பு வேண்டும் என்றும் உன் மாமா எழுதியிருந்தார். நீ அந்தக் கடுதாசியோடு என்னிடம் வந்தாய். கட்டைப்பேனாவை மையில் முக்கி எழுதுவதைத் தவிர நான் என்ன கண்டேன்? ஆனாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே. "பட்டை நிப்பு வாங்குலே, ஜமீன்தாரு கையெழுத்து மாதிரி விழும்" என்றேன்.

பேனா வந்தது. எழுத்தெல்லாம் கொழுத்து விழுந்தன. ணகரத்தின் சுழிகள் மையில் அடைந்து புளியங்கொட்டை போல் நின்றன. நான் சிரித்தேன். நீ கோபப்படாமல், "நம்ம எழுத்து சுழிச்சுச் சுழிச்சுப் போவுதுல்லா, அதுக்கு மூச்சு விட எடம் வேணும்லே. மெல்லிசு கேட்டிருக்கணும்" என்றாய்.

அந்த மாசம் ஊர் சரியில்லை. கடைகளை வெயில் இருக்கும்போதே அடைத்தார்கள். தெருமுனைதோறும் போலீஸின் சிவப்புத் தலைப்பாகைகள். பள்ளிக்கூடச் சுவரில் யாரோ சர்க்காருக்கு விரோதமாக ஒரு தாளை ஒட்ட, போலீஸ் அதைச் சுரண்டி எடுத்துப் போயிற்று. சுரண்டிய இடம் சதுரமாக, வெள்ளையாக, வா வா என்றது. என் போன்றவனுக்கு அது போதாதா? உன் பேனாவைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாய். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று இடது கையால் எழுதினேன்: "இனிமேல் கணக்குப் பாடம் பிள்ளைகளுக்குக் கிடையாது, கணக்கு வாத்தியாருக்கு மட்டும் உண்டு. இப்படிக்கு, மேலிடம்." அதை அந்தச் சதுரத்திலேயே ஒட்டினேன்.

காலையில் பள்ளிக்கூடமே சிரித்தது. மணி அடித்ததும் போலீஸ் ஏட்டய்யா வகுப்புக்குள் வந்தார். ஒரு கையில் என் தாள், மறு கையில் பூதக்கண்ணாடி. முதல் தாளை எழுதியவனே இரண்டாவதையும் எழுதினான் என்பது அவர் தீர்மானம்.

"அவனவன் பேனாவால ஒரு வரி எழுதுங்கலே. கிணற்றில் தண்ணீர் உண்டு."

பெஞ்சு பெஞ்சாக வந்தார். என் வரி கட்டைப்பேனாவில் மயிரிழையாக ஓடியிருந்தது. அதை இரண்டாம் முறை அவர் பார்க்கவில்லை. கையை மாற்றத் தெரிந்த எனக்கு நிப்பை மாற்றத் தோன்றவில்லை. வகுப்பிலேயே பட்டை நிப்பு உன்னிடம் ஒன்றுதான். நீ அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய், பேனாவைத் திறந்து எழுதினாய். மூன்று சொல்லிலும் சுழி அடைந்துபோன ணகரங்கள். ஏட்டய்யா அவற்றின்மேல் விரலை வைத்தார்.

"பேனா யாருது?"

"என்னுது."

"சொவத்துல ஒட்டுனதும் நீதானா?"

"பேனா என்னுதுங்க."

பேனாவை மூடாமலே பெஞ்சில் வைத்தாய். உன்னை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பேனாவின் மூடி பெஞ்சிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட யாரும் குனியவில்லை.

இரண்டு நாள் கழித்து விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று நீ சொன்னதேயில்லை. வலது கை விரல்கள் மட்டும் மடங்கவில்லை. அந்த வாரமே உன் அப்பா உன்னைத் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏற்றினார். போன மாசம் உன் மாமாவின் கடுதாசி வந்தது. ஆறு நாள் காய்ச்சலாம், ஏழாம் நாள் நீ இல்லையாம்.

நீ கப்பலேறிய பின் நான் உனக்கு எழுதியது நினைவிருக்கிறதா? நீ உள்ளே இருந்த இரண்டாம் நாள் ஸ்டேஷனுக்கே போய், "எழுதினது நான்தான்" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன், சின்னப்பயல் என்று என்னைத் துரத்திவிட்டார்கள் என்று. வகுப்பிலும் இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் என்னைத் துரத்திய காவல்காரன் மீசை ஒரு விரற்கடை வளர்ந்தது. நீயோ இடது கையால், கோணல்மாணலாக, ஒரே வரி பதில் போட்டாய்: "நீ வந்து சொன்னதே எனக்குப் போதும்லே."

இன்று மெல்லிசு நிப்புதான் வாங்கினேன். 'கணக்கு' என்று எழுதிப் பார்த்தேன். சுழி திறந்திருந்தது. பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்ததால், அந்தத் தாளைக் கடையில் விட மனமில்லாமல் மடித்து மடியில் செருகிக்கொண்டேன். உன் அந்த ஒரு வரியும் அங்கேதான் இருக்கிறது. போகிற இடமெல்லாம் அதைக் கொண்டு போகிறேன். அது எனக்கு வந்த வரி இல்லை.

ஏலே, நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஆற்றுப்பாலத்தில் பாதிவரை போனேன். எதிரே ஒரு சிவப்புத் தலைப்பாகை வந்தது. திரும்பி, வீடுவரை ஓடினேன். மூச்சு வாங்க வாசலில் நிற்கும்போது அந்த ஆள் பின்னாலேயே வந்து, அடுத்த வீட்டில் கடுதாசி கொடுத்துவிட்டுப் போனார். அவர் தபால்காரர்.