அது கோபமில்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ கேட்காமல் நானாக எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நானும் சின்னவளும் நலம், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும், அப்பாவைப் பற்றி மட்டும் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று எனக்குப் பெயர்தானே தவிர வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்கே தெரியும்.

அப்பாவுக்குச் சும்மா கைநடுக்கம் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம், அப்படிச் சொல்லச் சொன்னது அவர்தான். அது பார்க்கின்சன் நோய். அடுக்கி விரித்த துணியைக் கோடு பிசகாமல் வெட்டிய மனுஷன், இப்போது சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிடுகிறார். கம்பெனியில் முதலில் கட்டிங் வேலையிலிருந்து எடுத்து, மடிக்கிற பக்கம் உட்கார வைத்தார்கள், அப்புறம் "வீட்ல ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கதவருகே வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, மாத்திரை வேலை செய்யும் நேரமும் குறைந்துகொண்டே வருகிறது. அதையெல்லாம்கூடத் தாங்கிவிட்டேன், முகம் அசையாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கவே மாட்டேங்கிறார் என்று சின்னவள் கேட்டபோது, சொல்லத் தெரியாமல் ஒரு மடத்தனம் செய்தேன். முதலில் சிரிப்பவர் தோற்றார் என்று ஒரு விளையாட்டு, அதைத்தான் அப்பா விளையாடுகிறார் என்றேன். நம்பிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சுருக்குவாள், நாக்கைத் துருத்துவாள், என் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொள்வாள். எங்கப்பாவ யாராலயும் தோக்கடிக்க முடியாது என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு. போன வாரம் ஒரு சாயங்காலம் அலுத்துப்போய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "போதும்ப்பா, நீயே ஜெயிச்சுக்கோ. ஒரே ஒரு தடவ சிரி" என்றாள். அவர் கண்ணில் நீர் வழிந்தது, முகம் அப்படியே இருந்தது.

அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். உடம்பை அசைய வைக்கும் ஒரு சத்து அப்பாவின் மூளையில் வற்றிக்கொண்டு வருகிறது, அவர் உள்ளே சிரிப்பது முகம்வரை வந்து சேர்வதில்லை, நீ எந்தத் தப்பும் பண்ணவில்லை, இது உனக்குத் தொற்றாது என்றேன். மருந்து குடிச்சா சரியாயிடுமா என்றாள். ஆகாது என்றேன். அப்ப சிரிக்கிறார்னு எப்படித் தெரியும் என்றாள், அவரையே கேளு, பதில் மெதுவாத்தான் வரும் என்றேன். இப்போது அவள் விளையாடுவதில்லை. பெரிய மனுஷி மாதிரி அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், பார்க்க என்னவோ போல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்து, ஒருவரைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டாய். அவர் கல் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேலைக்குக் கிளம்பினப்ப வந்த கோபம் உங்களுக்கு இன்னும் போகலல்ல? சரி விடுங்க" என்று வைத்துவிட்டாய். அணைந்த போனைப் பார்த்தபடியே இருந்தவர், நான் அதை எடுத்து வைக்கப் போனபோதுதான் மெல்ல, "இவ கோபத்த... தாங்குவானா அந்தப் பையன்" என்றார். அது கேலி, உனக்கே சொன்னது. முகம் மட்டும்தான் சிரிக்கவில்லை.

குரலும் தேய்ந்துகொண்டே வருகிறது, இப்போதே வாயருகில் காதை வைத்துத்தான் கேட்கிறேன். இனி ஏறாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, கேட்கிற உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, அப்பாவிடம் அதையே இன்னொரு தடவை கேள். அவர் சொல்லி முடிக்கிறவரை வைத்துவிடாதே, அம்மா.

உன் சித்தி