பித்தளைப் பிடி

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
ஏப்ரல் 6, 2025

இமெல்டாவுக்கு,

தொலைபேசியை நீர் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். வீட்டு வளவில் நிற்கும் டிராமை ஏற்க, பழைய வண்டிகளைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலை சம்மதித்துவிட்டது. ஆனால், ஓட்டுநர் திருப்பி வண்டியை ஓட்டும் பித்தளைப் பிடி இல்லாமல் வேண்டாமாம். வீட்டை விட்டுப் போகும்போது உடுப்போடு அதையும் தூக்கிக்கொண்டு போனீர். என்ன குணம் இது? பிடி இல்லாவிட்டால் அது வெறும் கோழிக்கூடு. உடனே அனுப்பும்.

பேனாட்

லவால்
ஏப்ரல் 15

பேனாட்டுக்கு,

சுகமா என்று ஒரு சொல் கேட்க உங்களுக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் கோழிக்கூடாகக் கிடந்ததைத்தானே ஒரு கமக்காரரிடம் வாங்கி வந்தீர்கள்! கோழி எச்சத்தைச் சுரண்டியது யார்? டிராமைப் பற்றி நீங்கள் எழுதிய புத்தகத்தைத் தட்டச்சு செய்தது யார்? சின்ன நகரங்களுக்கு டிராம் வந்தபோது பாண்ட் வாத்தியம் வைத்துக் கொண்டாடினார்களாம், பிறகு பஸ் கொம்பனிக்காரர் அதைக் கொன்றுபோட்டார்களாம். விசர்க்கதை! ஏறுகிற சனம் குறைந்தது. அதனால் ஓட்டத்தைக் குறைத்தார்கள். ஓட்டம் குறைய, இன்னும் சனம் குறைந்தது. தண்டவாளத்தைத் திருத்த ஒருவரும் மினக்கெடவில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

பிடி என்னிடம்தான் இருக்கிறது. லவாலுக்கு மெத்ரோ ரயில் ஓடுகிறது.

இமெல்டா

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
மே 2

இமெல்டாவுக்கு,

டிராமைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வெளிக்கிட வேண்டாம். உம்முடைய அக்கா றெஜினா தன் வீட்டு வாசலில் நின்று, "இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்று நக்கலடிப்பா. அதைக் கேட்க நான் வரமாட்டேன். மே 10, சனிக்கிழமை டிராமை ஏற்ற லொறி வருகிறது. பிடியைத் தபாலில் போடும். வீட்டை விற்கச் சம்மதமா என்றும் எழுதும்.

பேனாட்

லவால்
மே 6

பேனாட்,

பொதிக்குள் பிடி இருக்கிறது. "குடுக்காதை, அந்தாள் வரட்டும்" என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றா. நக்கலடிக்க அல்ல. பூசை முடிந்து வந்து ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைத்தா.

அந்தச் சின்ன நகரங்களில் டிராமைத் திருப்ப இடமில்லை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். பாதை முடிந்ததும் ஓட்டுநர் பிடியைக் கழற்றிக்கொண்டு மற்ற முனைக்கு நடப்பார், அங்கே மாட்டினால் வண்டி திரும்பி ஓடும். தட்டச்சு செய்தபோது அது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டை விற்க எனக்குச் சம்மதம். இனி எழுத வேண்டாம்.

நீங்கள் வந்து கேட்பீர்கள் என்றுதான் பிடியை எடுத்தேன்.

இமெல்டா